எப்படின்னு கேக்கல மாப்ள, எப்பன்னு கேட்டேன்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. காப்பி வருது. நேத்துப் பொழுதோட உன்ற காரு நம்ம தடத்துல திரும்பறப்பவே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு, கோயமுத்தூர்ல இருந்து ஒறம்பரை வந்தாச்சுன்னு. உள்ளுக்குள்ள அந்தப் பாட்டுப் பொட்டி போட்ட போடுல களத்துல மேஞ்ச கோழியெல்லாம் தாவாரத்துக்கு ஓடியாந்துருச்சு. அத்தன ரவுசுக்கு நடுவாலயும், "மாமா, ஸ்டார்ட் பண்றப்ப இன்ஜின்ல என்னமோ சத்தம் கேக்குது"ங்கற பாரு, அந்தக் காதுக்குத் தங்கத்துல கடுக்கன் போடோணும்.

கடுக்கன் இருக்கட்டும். சத்தம் என்னன்னு கேட்டதுக்கு நீ வாயில செஞ்சு காட்டுனியே, "கர்ர்ர்... டடட... ஙீங்..."ன்னு, கட்டுத்தறியில இருந்த எருமைக் கண்ணு மொளக்குச்சியவே புடுங்கிட்டு நிக்குது. ஒர்க் ஷாப்புலயும் இப்படித்தான் நடிச்சுக் காட்டுனியாக்கும்? அவங்களுக்கும் பொழுது போகோணுமல்ல. ஒருத்தன் பேட்டரின்னிருப்பான். இன்னொருத்தன் இன்ஜினையே எறக்கிப் பாக்கோணும்னிருப்பான். உன்ற மச்சினன், சைக்கிளே ஓட்டத் தெரியாதவன், "கம்பெனிய மாத்து மச்சா"ன்னு சொல்லியிருப்பான். உங்கம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கச் சொல்லியிருப்பா. சொன்னதுலயே சல்லிசு அது ஒண்ணுதான்.

நான் லாரி ஓட்டுனவன். சங்ககிரியில லோடு ஏத்தி வடக்க போனவன். எனக்கு இந்தக் 'கர்ர்', 'ஙீங்' எல்லாம் வேண்டாம். வயித்து வலின்னு வைத்தியருகிட்டப் போனா, அவரு முதல்ல கேக்கறது எப்ப வலிக்குதுன்னுதான். சோத்துக்கு முந்தியா, சோத்துக்குப் பிந்தியா? வண்டிக்கும் கேள்வி அதேதான். சாவியத் திருப்பி இன்ஜின் புடிக்கறதுக்கு முந்தியா, புடிக்கற அந்த நொடியா, புடிச்சதுக்கு அப்புறமா? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னீன்னா, பாதி வியாதி அங்கயே தெரிஞ்சுரும். நீ என்னடான்னா எப்படி எப்படின்னு ராகம் பாடிட்டிருக்கற.

முதல்ல, வியாதியே இல்லாத சத்தத்தை ஒதுக்கிருவோம். சாவிய ஆன் பண்ணுனதும் பின்சீட்டுக்கு அடியில 'ஊங்...'னு ரெண்டு நொடி ஒரு முனகல் வருதல்ல? அது டேங்குக்குள்ள கெடக்கற பெட்ரோல் பம்பு. பைப்புல பிரஷர் ஏத்துது. அது கேட்டாத்தான் நல்லது, கேக்காமப் போனாத்தான் வெசனப்படோணும். வண்டி நகந்து சித்தெ தூரம் போனதும் முன்னால 'டக்... கிர்'னு ஒண்ணு கேக்கும், அது ஏபிஎஸ் தன்னைத்தானே சோதிச்சுக்கறது. நிறுத்துனதுக்கு அப்புறம் ஃபேன் மட்டும் தனியா ஓடும். சைலன்சர் ஆறறப்ப 'டிக், டிக்'னு ஒவ்வொண்ணா சொடக்குப் போடும். இதுக்கெல்லாம் ராத்தூக்கம் கெட்டு, சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டவங்க எத்தன பேரு. நீ அதுல இல்லீன்னு சொல்லு, நம்பறேன்.

சரி, இன்ஜின் புடிக்கறதுக்கு முந்தி வர்ற சத்தம். சாவியத் திருப்புனா 'டக டக டக டக'ன்னு துடிக்குது, இன்ஜின் சுத்தவே இல்ல. இதுக்கு எவனாச்சும், இன்ஜினைச் சுத்தி வுடற செல்ஃப் மோட்டாரை மாத்தச் சொன்னா, துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிரு. அது பேட்டரிக்கு வலு இல்லாதது. நடக்கறது என்னன்னா, செல்ஃப் மோட்டார் தலை மேல சொலினாய்டுன்னு ஒரு காந்தச் சுருள் இருக்குது. நீ சாவியத் திருப்புனதும் அது இழுத்து, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து வுடுது. மோட்டார் ஒரே வாயில நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும். பேட்டரி அங்கயே படுத்துரும். வோல்டேஜ் எறங்குனதும் சொலினாய்டும் கையை வுட்டுரும். கையை வுட்டதும் பேட்டரி மறுபடி எந்திரிக்கும், இதுவும் மறுபடி இழுக்கும். அந்த இழுபறிதான் 'டக டக டக'.

சந்தேகமா இருந்தா ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டுச் சாவியத் திருப்பு. வெளக்கு மங்கி மடங்கிப் போனா பேட்டரியோ, அதன்ற முனையோதான். மீட்டர் வெச்சுப் பாத்தா, ராத்திரி பூரா நின்ன வண்டியில 12.6 வோல்ட்டுப் பக்கம் இருக்கோணும். 12.2ன்னா பாதி காலி. திருப்பறப்ப 9.5க்கும் கீழ எறங்குதுன்னா பேட்டரி போற காலம். ஓடறப்ப பொதுவா 13.8க்கும் 14.5க்கும் நடுவால காட்டோணும். அதக் காட்டலீன்னா பேட்டரி மேல பழி போடாத, ஆல்டர்னேட்டர் தீனி போடல. புதுப் பேட்டரி வாங்கி மாட்டுனாலும் அதுவும் பட்டினியில படுத்துரும்.

வாங்கறதுக்கு முந்தி பேட்டரி முனையில பூத்துக் கெடக்கற பச்சையும் வெள்ளையுமான உப்பைப் பாரு. சாவிய எடுத்துப்போட்டு, மைனஸை முதல்ல கழட்டு. சுடுதண்ணியில ஆப்பச் சோடாவைக் கரைச்சு, பேட்டரி மூடிக்குள்ள எறங்காமத் தேச்சுக் கழுவு. காய வெச்சு, முடுக்கி, மேல வாசலீனைத் தடவு. உன்ற மூஞ்சிக்குத் தடவறதுல பத்துல ஒரு பங்கு போதும். உன்ற மூஞ்சிக்குத் தடவறதுல பத்துல ஒரு பங்கு போதும். அடுத்தது, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவால தொங்கற எர்த் பட்டை. அது துருப் புடிச்சுத் தொங்குனா பேட்டரி எத்தன புதுசா இருந்தும் பிரயோசனமில்ல. நான் பாத்த அளவுல, பேட்டரி செத்துப்போச்சுன்னு தூக்கி வீசுனதுல பாதி, முனையில உப்புப் பூத்ததுதான். பேட்டரிக் கடைக்காரன் இதச் சொல்ல மாட்டான். சொன்னா அவன் புள்ளைக்கு யாரு பீஸ் கட்டறது?

ஒரே ஒரு 'டக்'. அப்புறம் கம்முனு கெடக்குது. வெளக்கும் மங்கல. அப்பத்தான் செல்ஃப் மோட்டார் பக்கம் போகோணும். உள்ளுக்குள்ள கார்பன் தேஞ்சிருக்கும், இல்லீன்னா சொலினாய்டுக்குள்ள செம்பு கருகியிருக்கும். எங்க காலத்துல ஒருத்தன் கீழ படுத்து மரக்கட்டையில மோட்டார் மேல ஒரு தட்டு தட்டுவான், இன்னொருத்தன் சாவியத் திருப்புவான். எந்திரிச்சுக்கும். எந்திரிச்சதும் வியாதி தீந்துபோச்சுன்னு நெனைக்காத. அது ஒர்க் ஷாப்பு வரைக்கும் போறதுக்குக் கெடைச்ச தவணை. தட்டுனவனை மட்டும் வண்டியில ஏத்திக்க, வழியில நின்னாலும் நிக்கும்.

'விர்ர்ர்...'னு மோட்டார் மட்டும் காத்துல சுத்துது, இன்ஜின் அசையலையா? அது பெண்டிக்ஸ். பல்லைக் கொண்டுபோயி இன்ஜின் பல்லுல மாட்டி வுடற சாமான். வழுக்கிருச்சு. பெருசா ஒண்ணுமில்ல, மாத்திரலாம்.

'க்ர்ரீச்'சுன்னு இரும்பும் இரும்பும் கடிக்கற சத்தத்துல சூட்சுமம் எச்சா. ஃப்ளைவீலைச் சுத்தி ஒரு பல் ரிங் இருக்குது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிக்கறப்ப கண்ட எடத்துல நிக்காது. காத்தை அழுத்தி எதிர்ப்புக் குடுக்கற கட்டத்துலதான் நிக்கும். அதனால ரிங்குல எதிரெதிரா ரெண்டு எடத்துலயே பல்லு தேயும். ஒரு நாள் நல்லாப் புடிக்கும், ஒரு நாள் கடிக்கும். 'அப்பப்ப வருது'ன்னு மெக்கானிக்குகிட்டச் சொன்னா அவன் உன்னைப் பாத்துச் சிரிப்பான். நீ என்ன பண்ணோணும்னா, கடிக்கறப்ப சாவிய ஆஃப் பண்ணிப்போட்டு, கியர்ல போட்டு வண்டியச் சித்தெ முன்ன பின்ன தள்ளு. கியரை நியூட்ரலாக்கி மறுபடி திருப்பு. இப்பச் சுத்தமாப் புடிச்சுதுன்னா ரிங்குல பல்லு போயிருச்சுன்னு அர்த்தம். லாரியில நாங்க ரிங்கைச் சூடு பண்ணிக் கழட்டி, தேயாத பக்கமாத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவோம். இப்பப் புதுசே மாட்டிருவாங்க.

ஆனா ரிங்குக்குப் போறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது. கண்ணாடிய ஏத்தி வுட்டுக்கிட்டு, ஏசியப் போட்டு, பாட்டையும் போட்டுக்கிட்டு, இன்ஜின் ஓடறதே தெரியாம மறுபடி சாவியத் திருப்புனது உண்டா இல்லையா? உண்டுன்னா அந்தக் 'க்ரீச்' வண்டியோடது இல்ல மாப்ள, உன்னோடது. பித்தான் வெச்ச புது வண்டியெல்லாம் இந்தக் கூத்துக்கு எடம் குடுக்காது. உங்களையெல்லாம் பாத்துத்தான் அப்படிச் செஞ்சிருக்கறான்.

செல்ஃப் மோட்டார் கதையே வேடிக்கை. அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங்குன்னு ஒருத்தரு. அவரு முதல்ல கடைக் கல்லாப்பெட்டிக்குக் கரண்ட் மோட்டார் வெச்சவரு. பெட்டியத் திறக்கற அளவுக்கு ஒரு நொடி வேகமா இழுத்துப்போட்டு நின்னாப் போதும், நாள் பூராச் சுத்த வேண்டியதில்ல. அந்த ரோசனையத்தான் காருக்குக் கொண்டாந்தாரு. 1912ல காடிலாக் வண்டியில அது வந்துச்சு. அதுக்கு முந்தி பெரும்பாலும் முன்னால குனிஞ்சு ஹேண்டில்தான் போடோணும். பழைய அம்பாசடர்ல கூட ஹேண்டில் போட ஓட்டை இருக்கும், நானே போட்டிருக்கறேன். கட்டை வெரலை மத்த வெரல்களோட ஒரே பக்கமா வெச்சு, கீழ இருந்து மேல இழுக்கோணும். கட்டை வெரலைச் சுத்திப் புடிச்சா, இன்ஜின் எதிர்த்து ஒதைக்கறப்ப வெரலு போயிரும், இல்லீன்னா மணிக்கட்டு போயிரும். ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தன்ற முதல் பஸ்ஸைத் தானே ஓட்டுன தலைமுறையில, ஓட்டறவனுக்குப் பழுது பாக்கவும் தெரியும். இப்ப ஓட்டறவனுக்கு பானெட் திறக்கற லீவர் எங்கிருக்குதுன்னே தெரியல. யாரைச் சொல்றேன்னு கேக்காத.

எதுக்குக் கல்லாப்பெட்டிக் கதைன்னா, அந்த மோட்டார் ஒரு நொடி வேலைக்குப் பொறந்தது. இன்ஜின் புடிக்கலீன்னு சாவிய முறுக்கிப் புடிச்சுக்கிட்டே குலதெய்வத்தைக் கூப்புடாத. பத்து நொடிக்கு மேல போகக் கூடாது. வுட்டுப்போட்டு அரை நிமிசம், ஒரு நிமிசம் ஆற வெச்சு மறுபடி பாரு. இல்லீன்னா மோட்டார் கருகும். கல்லாப்பெட்டியில பொறந்ததுக்கு யாரோட கல்லா மேல ஆசை வரும்னு உனக்கே தெரியும்.

இன்ஜின் புடிக்கற அந்த நொடிக்கு வா. 'டொம்'னு ஒரு குலுக்கு, நிறுத்தறப்பவும் அதே 'டொம்'. அது இன்ஜின் மவுண்ட் ரப்பர். கிழிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு இருக்குது, இதுல நல்ல நல்ல மெக்கானிக்கே ஏமாந்திருக்கறான். இப்ப நெறைய வண்டியில கிளட்சை மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். 'ஸ்டார்ட் பண்றப்ப ஙீங்குது'ன்னு ஒருத்தன் வருவான். இன்ஜினை ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்பாங்க, ஒண்ணும் கெடைக்காது. அவன் கால் கிளட்ச் மேல இருக்கறத எவனும் நெனைச்சுப் பாக்க மாட்டான். மிதிச்சா சத்தம், வுட்டா சத்தமில்லையா? ரிலீஸ் பேரிங். வுட்டா சத்தம், மிதிச்சா நின்னுபோகுதா? கியர் பாக்ஸுக்குள்ள பேரிங். இன்ஜின் பாவம், ஒரு தப்பும் பண்ணல. காலை வெச்சு வெச்சு எடுத்தா ஒரு நிமிசத்துல தெரியற சமாசாரம், ஆனா பில்லு போடறதுக்கு ஒரு நிமிசம் பத்தாதே.

இனி, புடிச்சதுக்கு அப்புறம். மழை நாள்ல, காத்தால, ஸ்டார்ட் ஆனதும் 'கீ...'ன்னு கத்தி, சித்தெ நேரத்துல அடங்கிரும். அது பெல்ட். ஸ்டார்ட் பண்ணுனதுல எழந்த கரண்டைப் பேட்டரி வாங்கிக்குது, அதனால ஆல்டர்னேட்டர் எடுத்த எடுப்புல பாரமாச் சுத்தும், பெல்ட் வழுக்கும். பெல்ட்டோட பல்லுப் பக்கம் கொஞ்சூண்டு தண்ணியத் தெளிச்சுப் பாரு, எட்டி நின்னு. தண்ணி பட்டதும் நின்னு, காஞ்சதும் மறுபடி வந்தா புல்லி கோணலா இருக்குது, இல்லீன்னா பெல்ட் காஞ்சுபோயிருக்குது. தண்ணி பட்டு எச்சாக் கத்துனா டென்சன் பத்தல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்க, துண்டைத் திண்ணையில வெச்சுப்போட்டுப் போ. ஓடற பெல்ட்டுக்கு மாமன், மச்சான்னு தெரியாது. சத்தம் போகறதுக்கு பெல்ட்டுல எண்ணெயத் தடவற புத்திசாலிங்க இருக்கறாங்க. சத்தம் போயிரும், பெல்ட்டும் போயிரும்.

'டிக் டிக் டிக்'னு மேல தலைப்பக்கம் மெல்லிசாக் கேட்டு, சூடானதும் போனா வால்வைத் தட்டற டேப்பட்டா இருக்கலாம். சைலன்சர் பைப்பு இன்ஜினோட சேர்ற எடத்துல கேஸ்கட் ஓட்டையானாலும் அதே 'டிக் டிக்'தான், அதுவும் சூடானா இரும்பு விரிஞ்சு அடைச்சுக்கும். ரெண்டும் ஒரே ராகம். ஆனா பைப்புல ஓட்டைன்னா அங்க கரி படிஞ்சிருக்கும். காதுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும். அடியில ஒரு தகரம் 'ஜர்ர்'னு அதிர்ந்தா, சைலன்சர் சூடு மேல வராம மறைக்கற தகடு. ஒரு கிளாம்ப் போட்டா அடங்கிரும். இதுக்கு சைலன்சரையே மாத்துனவன் நம்ம சொந்தத்துலயே இருக்கறான், பேரைச் சொன்னா அடுத்த நோம்பிக்கு வர மாட்டான்.

டீசல் வண்டின்னா ஆறிக் கெடந்து எந்திரிக்கறப்ப கொஞ்சம் இரும்பு இரும்பாத்தான் தட்டும். அது அதன்ற சுபாவம். சூடானதும் கொறையோணும். கொறையலீன்னா இன்ஜெக்டரைப் பாக்கோணும்.

அடியில இருந்து 'டங்... டங்... டங்'னு கனமா ஒரு தட்டல் வந்து, ஆக்சிலேட்டரைக் குடுக்கக் குடுக்க அதுவும் வேகமாத் தட்டுனா, அப்ப மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன் கண்ணு. ஒடனே நிறுத்திரு. அது பிக் எண்ட் பேரிங். அப்படியே பத்துக் கிலோமீட்டர் ஓட்டுனீன்னா கனெக்டிங் ராடு இன்ஜின் செவுத்தைப் பொத்துக்கிட்டு வெளிய வந்து உன்னைப் பாத்தாலும் பாக்கும். கட்டி இழுத்துட்டுப் போ.

எங்கிருந்து வருதுன்னு தெரியோணும்னா நீளத் திருப்புளி ஒண்ணு போதும். நுனிய ஆல்டர்னேட்டர் மேல வெச்சு, புடிய காதெலும்புல வை. அப்புறம் தண்ணிப் பம்பு, அப்புறம் டேப்பட் கவரு. எது கெட்டிருக்குதோ அது காதுக்குள்ள வந்து பேசும். சுத்தறது எதையும் தொடாத. காத்து ஒழுகற சத்தத்துக்குத் திருப்புளி ஆகாது, ஒரு முழம் ரப்பர் ஓஸை ஒரு காதுல வெச்சு மறு நுனிய நகத்திக்கிட்டே போ.

இதெல்லாம் பண்றதுக்கு முந்தி, நம்ம தோட்டத்துல நிறுத்துன வண்டின்னா பானெட் மேல ஓங்கி ரெண்டு தட்டு தட்டு. மழை நாள்ல இன்ஜின் சூட்டுக்குப் பூனை உள்ள போயிப் படுத்துக்கும். நீ பாட்டுக்குச் சாவியத் திருப்புனா அந்தச் சத்தத்துக்கு எந்த மெக்கானிக்கும் மருந்து தர மாட்டான். பெருக்கானுக்கு ஒயரு மேல உள்ள ருசி உனக்குத் தெரியாது. அணிலு ஏர் ஃபில்டர் பொட்டிக்குள்ள புளியங்கொட்டையச் சேத்து வெச்சு, அது 'கலகல'ன்னு ஆடுனதுக்கு இன்ஜின் வால்வு போச்சுன்னு பில்லு வாங்குன ஆளும் உண்டு.

மெக்கானிக்குகிட்டப் போறப்பவும் ஒரு முறை இருக்குது. ஆறுன இன்ஜின்ல வர்ற சத்தத்தைக் காட்ட வண்டிய ஓட்டிக்கிட்டே போனா அங்க எப்படி வரும்? ராத்திரியே கொண்டுபோயி வுட்டுப்போட்டு, காத்தால அவரையே திருப்பச் சொல்லு. இல்லீன்னா உன்ற போன்ல புடிச்சுக் காட்டு, அந்தப் போனுக்கும் ஒரு பிரயோசனம் ஆகட்டும். 'பேட்டரி போச்சு'ன்னு நீயே சொல்லாத. சொன்னா பேட்டரியத்தான் மாத்துவான், கேட்டதைக் குடுக்கறவன்கிட்ட என்ன குத்தம்? எப்ப வருது, எத்தன நேரம் வருது, கிளட்ச் மிதிச்சா என்னாகுது, இத மட்டும் சொல்லிப்போட்டு வாய மூடிக்க. மாத்துன பழைய சாமானைக் கையில வாங்கிக்க. குடுக்கத் தயங்குனான்னா மாத்துனானா இல்லையான்னு யோசிச்சுக்க.

பழைய வண்டி வாங்கப் போனா, ஆளு வர்றதுக்கு முந்தியே ஸ்டார்ட் பண்ணி வெச்சுக் காத்திருப்பான். மரியாதைக்குன்னு நெனைச்சுக்காத. நேரா போயி பானெட் மேல கையை வை. சுட்டுதுன்னா, 'சாயந்திரம் வாரேனுங்க, ஆற வெய்யுங்க'ன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பிரு. கெட்டி எண்ணெய ஊத்திச் சத்தத்தை அமுக்கி வெச்சிருக்கறவன் மூஞ்சி அப்பப் பாக்கோணுமே.

சரி, உன்ற வண்டிக்கு வருவோம். காத்தால நீ நெழலுக்கு எடுத்து நிறுத்தறப்ப நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தேன். இன்ஜின் புடிச்சதுக்கு அப்புறம், 'கடகடகட'ன்னு ரெண்டே நொடி. அப்புறம் இல்ல. சித்தெ நேரம் கழிச்சு, மறந்துபோன சார்ஜரை எடுக்கறதுக்கு மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஊட்டு வாசலுக்கு ஓட்டிக்கிட்டு வந்தியே, இருபது அடி தூரம், அப்ப வரல. ராத்திரி பூரா நின்னாத்தான் வருது. அப்படின்னா என்ன அர்த்தம்? நிக்கறப்ப மேல இருக்கற எண்ணெயெல்லாம் கீழ எறங்கிருது. ஸ்டார்ட் ஆனதும் டைமிங் செயினை இறுக்கிப் புடிக்கற டென்சனருக்கும் டேப்பட்டுக்கும் எண்ணெய் போயிச் சேர்ற வரைக்கும் அது காஞ்சு தட்டுது. அந்த ரெண்டு நொடியிலதான் நீ ஆக்சிலேட்டரை வேற மிதிச்சு உறும வுடற. எண்ணெய் இல்லாத இரும்பை உறும வெச்சா யாருக்குப் பெருமை?

அதான் நீ பல்லு வெளக்கப் போனப்ப நான் டிப் ஸ்டிக்கை உருவிப் பாத்தேன். சமதளத்துல நின்னு, ஆறியும் இருந்துச்சு. தொடைச்சு மறுபடி வுட்டு எடுத்தேன். ரெண்டு குறிக்கும் நடுவால இருக்கோணும். கீழ்க்குறிக்கும் கீழ, நுனியில ஒட்டிக்கிட்டு நிக்குது, தாரு நெறத்துல. எப்ப எண்ணெய் மாத்துனதுன்னு பாக்கலாம்னு கதவுத் தூண்ல சர்வீஸ்காரன் ஒட்டுன சீட்டைத் தேடுனேன். அது மேல நீ ஜிம்மு ஸ்டிக்கரை ஒட்டி வெச்சிருக்கற. நகத்துல சொரண்டிப் பாத்தா, போன ஆடிக்கே மாத்தியிருக்கோணும். சீட்டு உறை புதுசு, சக்கரம் புதுசு, பாட்டுப் பொட்டி புதுசு. இன்ஜினுக்குப் போட்டது எலுமிச்சம்பழம்.

பயப்படாத, இன்னும் கெட்டுப்போகல. கம்பெனி புஸ்தகத்துல போட்டிருக்கற கிரேடு எண்ணெயும் நல்ல ஃபில்டரும் வாங்கு. ஃபில்டருக்குள்ள எண்ணெய் திரும்பி எறங்காமத் தடுக்கற ஒரு ரப்பர் வால்வு இருக்குது. சல்லிசுன்னு வாங்குன ஃபில்டர்ல அது ஒழுங்கா மூடாது, பாதி 'கடகட' அதனாலயே வரும். ரெண்டும் மாத்தியும் தட்டுச்சுன்னா அப்ப டென்சனரைப் பாக்கச் சொல்லு. எண்ணெய் எங்க போச்சுன்னும் பாக்கோணும், கீழ ஒழுகுதா, பொகையில நீலமா வருதான்னு.

வண்டிய மட்டும் இப்ப எடுக்காத. எண்ணெய் ஊத்தாம ஒரு அடி நகத்தக் கூடாது. கடை தாராபுரத்துலதான் இருக்குது. என்ற மொபெட்டுல போலாம், எனக்கும் அங்க சந்தையில சோலி இருக்குது, ரெண்டு மூட்டை தவுடு வாங்கோணும், ஒத்தையில தூக்க முடியாமத்தான் ஒரு வாரமாத் தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தேன். நல்ல நேரத்துல வந்து சேர்ந்த. போற வழியில பங்க் வரும், பெட்ரோல் நீ போட்டுரு.